புங்கடி வளவு: சனிக்கிழமைப் படம்

குணா: அன்பு உறவுகளுக்கு. வரும் சனிக்கிழமை, ஒக்டோபர் 17 அன்று, லா கூர்னேவ் மண்டபத்தில் நடக்கவிருக்கும் சங்கத்தின் மாதாந்தத் திரையிடலுக்கு ‘காஷே’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் போடுவதா, வேண்டாமா என்று நாளை காலை 11 மணிக்குள் நான் செயலாளருக்குச் சொல்லியாக வேண்டும். செயற்குழுவில் மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. நீங்கள் அனைவரும் ஞாயிறன்று அவரவர் வீட்டில் பார்த்துவிட்டதால் உங்கள் கருத்தையும் அறிந்துகொள்ள விரும்புகிறேன். குரல் பதிவு வேண்டாம். பிள்ளைகள் வாசித்துப் பழகுவதற்காக நம் குடும்பக் குழுவில் எழுத்துத் தமிழ்தான் என்று அம்மா போட்ட சட்டம் அவரோடு போய்விடவில்லை.

மோகன்: வேண்டாம்.

சரோசா அக்கா: எனக்கும் பிடிக்கவில்லை. அந்தச் சேவல்!

அத்தான்: கசெட்டுகளை அனுப்பியது யார்?

யாழினி: மாமா, அதைத்தான் படம் சொல்லவே சொல்லாது.

அத்தான்: சொல்லாத படத்தை எதற்காக எடுத்தார்கள்? கணக்காய்வாளராக முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். இரண்டு மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகை போடாமல் ஏட்டை மூடி நீட்டினால் எவன் ஒப்பமிடுவான்?

குணா: மண்டபத்தில் வாசிப்பதற்காக ஓர் அறிமுகக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அதை இங்கே இடுகிறேன். அத்தானின் கேள்விக்கும் அதில் ஓரளவு பதில் உண்டு.

மோகன்: தேநீர் போட்டுக்கொண்டு வருகிறேன். அண்ணாவின் குறிப்பு என்றால் இரண்டு கோப்பை வேண்டும்.

குணா: “ஆஸ்திரிய இயக்குநர் மிக்கேல் ஹனெகே பிரெஞ்சு மொழியில் எடுத்த இப்படம் 2005இல் வெளிவந்து, கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றுத் தந்தது. ஜோர்ஜ் தொலைக்காட்சியில் இலக்கிய நிகழ்ச்சி நடத்துபவர். அவர் மனைவி ஆன் பதிப்பகம் ஒன்றில் பணிபுரிபவர். அவர்கள் வீட்டை யாரோ மணிக்கணக்காகப் படம் பிடித்த கசெட்டுகள், வாயில் இரத்தம் வழியும் சிறுவனின் கிறுக்கல் ஓவியங்களில் சுற்றப்பட்டு, வாசலுக்கு வருகின்றன. அந்த ஓவியங்கள் ஜோர்ஜை, அவருடைய பெற்றோரின் பண்ணையில் வேலை செய்த அல்ஜீரியத் தம்பதியின் மகன் மஜீதிடம் இட்டுச் செல்கின்றன. 1961 ஒக்டோபர் 5 அன்று, அல்ஜீரியர்கள் இரவு எட்டரை முதல் காலை ஐந்தரை வரை வெளியே நடமாடக் கூடாது என்று பாரிஸ் காவல்துறைத் தலைவர் மொரிஸ் பப்போன் அறிவித்தார். அதை எதிர்த்து 17ஆம் திகதி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதமின்றி ஊர்வலம் வந்தனர். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பலர் அடித்துக் கொல்லப்பட்டுச் சென் நதியில் வீசப்பட்டார்கள். அரசு அப்போது ஒப்புக்கொண்ட மரணங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வரலாற்றாய்வாளர் ஷான் லூக் ஏனோதி ஏறத்தாழ 200 என்றார். படத்தில் மஜீதின் பெற்றோர் அந்த ஊர்வலத்துக்குப் போனவர்கள், திரும்பவில்லை.”

குணா: திகதி தற்செயலாக அமைந்ததன்று. மண்டபம் 17ஆம் திகதி கிடைக்கிறது என்று தெரிந்த பிறகே இப்படத்தை நான் முன்மொழிந்தேன். சன் மிஷெல் பாலத்தின் பக்கத்தில் நினைவுக் கல் பதிக்கப்பட்டதே 2001இல்தான். அதற்கு முன் பத்து ஆண்டுகள் அந்தப் பாலத்தால் வேலைக்குப் போய் வந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

சரோசா அக்கா: வரலாறு எல்லாம் சரி, தம்பி. ஆனால் படத்தில் அந்த ஊர்வலத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூட இல்லையே. ஜோர்ஜ் மனைவியிடம் நாலு வார்த்தை முணுமுணுத்துவிட்டுப் போகிறார். பாட்டில்லை, இசையில்லை, தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை அணைத்துப் போட்டேன்.

யாழினி: மாமி, அந்த முதல் காட்சியில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். நாம் படத்தைப் பார்க்கிறோம் என்று நினைக்கும்போது உண்மையில் கசெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குணா: இதில் மட்டும் என்னை நம்புங்கள். லாச்சப்பலில் ஆறு ஆண்டுகள் கசெட் வாடகைக் கடை வைத்திருந்தவன் நான். கசெட்டைப் பின்னோக்கி ஓட்டும்போது திரையின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் நெளிந்து ஓடும். முதல் காட்சியில் பெரிதாக ஒன்றும் நடக்காமல் வீடு அப்படியே நிற்கிறது. திடீரென அந்தக் கோடுகள் வந்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஹனெகே முழுப் படத்தையும் டிஜிட்டல் காமிராவிலேயே எடுத்ததால், கசெட்டில் உள்ளது எது, கதையில் நடப்பது எது என்று கண்ணால் பிரித்தறிய வழியே இல்லை.

மோகன்: அண்ணாவின் கடையில் இருந்த கசெட்டுகளிலும் பிரித்தறிய முடியாது. என் கலியாணக் கசெட்டின் மேல் யாரோ ஒரு நடிகரின் சண்டைக் காட்சியைப் பதிந்து வைத்தவர் அவர். தாலி கட்டும் நேரத்தில் ஒருவன் கூரையிலிருந்து குதிப்பான்.

குணா: அது இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முந்திய கதை. நீ ஏன் வேண்டாம் என்கிறாய் என்பதை முதலில் எழுது.

மோகன்: எழுதுகிறேன். ஜோர்ஜுக்கு வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள், தாய் இருக்கிறாள், கனவுகூட இருக்கிறது. மஜீதுக்கு ஒரு சமையலறையும் ஒரு கத்தியும்தான். “நீ இருக்கும்போது நடக்க வேண்டும்” என்று கூப்பிட்டு, சுவரெல்லாம் இரத்தம் தெறிக்கத் தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகும் காமிரா ஜோர்ஜோடுதான் வீட்டுக்குப் போகிறது. அகதியாக வந்தவர்கள் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில், ஒரு பணக்காரனின் மனச்சாட்சியை உலுக்குவதற்காக ஏழை ஒருவன் செத்துக் காட்டுவதை எதற்குப் போட வேண்டும்? படம் கெட்ட படம் என்று நான் சொல்லவில்லை. அது அவர்களுக்காக எடுத்த படம்.

யாழினி: சித்தப்பா சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எனக்கு அந்தக் காட்சியைவிட மஜீதின் வீட்டு நடைவழிதான் அதிகம் உறைத்தது. அவன் வீடு இருக்கும் ரொமன்வில் நம் 93ஆம் மாவட்டம்தானே. அந்தக் கதவுகளையும் மங்கலான வெளிச்சத்தையும் கண்டதும், நாங்கள் நான்காம் மாடியில் இருந்த பழைய வீடு நினைவுக்கு வந்தது. நான் பிரெஞ்சுப் படங்களில் எங்கள் வீட்டைக் கண்டதே குறைவு. கண்டபோது அங்கே வருபவர் மிரட்டுவதற்கு வருகிறார்.

அத்தான்: நாய்க் கதை நன்றாக இருந்தது. விருந்தில் அந்த நண்பர் கதையின் முடிவில் ‘வவ்’ என்று குரைத்தபோது நான் உண்மையிலேயே துள்ளிவிட்டேன். அவர்தான் கசெட்டை அனுப்பினாரா?

சரோசா அக்கா: இவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

மோகன்: அத்தானுக்காக என் தீர்ப்பு: இரண்டு மகன்களும் சேர்ந்துதான் செய்தார்கள். கடைசிக் காட்சியில் பள்ளிக்கூடப் படிகளில் இடது பக்கம் பாருங்கள். மஜீதின் மகனும் ஜோர்ஜின் மகன் பியரோவும் நின்று பேசுகிறார்கள்.

சரோசா அக்கா: எந்தப் படிகள்? பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நான் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டேனே.

யாழினி: சித்தப்பா, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. அந்தச் சந்திப்பு முன்பே நடந்ததா, மஜீதின் சாவுக்குப் பிறகா என்றும் தெரியாது. இருவருக்கும் ஹனெகே வசனம் எழுதிக் கொடுத்திருந்தார். என்ன வசனம் என்று அவர் வெளியில் சொன்னதில்லை. மேலும், முதல் கசெட்டில் ஜோர்ஜ் வீட்டை விட்டு இறங்கி, காமிரா நிற்க வேண்டிய இடத்தின் பக்கமாகவே நடந்து போகிறார். அவர் கண்ணில் அது படவில்லை. அப்படி ஒரு காமிராவை எந்தச் சிறுவன் எங்கே வைத்திருக்க முடியும்?

அத்தான்: ஆக, கள்வனும் இல்லை, சாட்சியும் இல்லை. நான் சற்றுச் சாய்ந்துவிட்டு வருகிறேன்.

குணா: ராணி அக்காவின் கருத்து இன்னும் வரவில்லை. ஊரில் இப்போது நள்ளிரவாகியிருக்கும்.

ராணி அக்கா: விழித்துத்தான் இருக்கிறேன். இரண்டு நாளில் இரண்டு தடவை பார்த்தேன். கசெட்டை யார் அனுப்பினாலும் எனக்கு ஒன்றுதான். பள்ளிக்கூடப் படிகளுக்கு முந்திய காட்சியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. ஜோர்ஜ் மாத்திரை விழுங்கித் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தபின் வருகிறதே, பண்ணை முற்றத்தில் கார் வந்து நிற்கும் காட்சி. காமிரா தூரத்தில், கொட்டிலின் இருட்டுக்குள் இருக்கிறது. பையன் போக மாட்டேன் என்று கத்திக்கொண்டு ஓடுகிறான். பிடித்துக் காரில் ஏற்றுகிறார்கள். ஒருவரின் முகமும் தெளிவாகத் தெரியாது. நான் அதைக் கிணற்றடியில் நின்று பார்த்திருக்கிறேன்.

சரோசா அக்கா: ராணி, இது படத்தைப் பற்றிய பேச்சு.

ராணி அக்கா: நானும் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன், அக்கா.

யாழினி: அத்தை என்ன சொல்கிறார், அப்பா?

மோகன்: ராணி மாமி என்று எழுது. அத்தை என்று எழுதினால் அம்மா எழுந்து வந்துவிடுவார்.

யாழினி: மன்னிக்கவும். மாமி என்ன சொல்கிறார்?

ராணி அக்கா: செல்வத்தைச் சொல்கிறேன். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, வீட்டு வேலைக்கு உதவியாக அப்பாவின் நண்பர் ஒருவர் கொண்டுவந்து விட்ட பையன். 1974இல் அவனுக்கு ஒன்பது வயதிருக்கும். கடகத்தில் அடைக்கு வைத்திருந்த முட்டைகள் பதினொன்றும் ஒரு நாள் உடைந்து கிடந்தன. செல்வம்தான் உடைத்தான் என்று அப்பாவிடம் ஒருவர் சொன்னார். இரண்டு நாள் கழித்து அப்பா அவனைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோனார். புறப்படும் முன் அம்மா அவன் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்துவிட்டார். அந்த வீட்டில் அவனுக்கு ஒருவர் தலைவாரிவிட்டதை அன்று மட்டும்தான் பார்த்தேன்.

மோகன்: நான் அப்போது தொட்டிலில் கிடந்தேன். பதிவு செய்துகொள்ளுங்கள்.

சரோசா அக்கா: அக்காலத்தில் எல்லா வீடுகளிலும் பிள்ளைகள் உதவிக்கு நின்றார்கள். வருவார்கள், போவார்கள். எனக்கு அவனுடைய முகம்கூட நினைவில் இல்லை.

யாழினி: மாமி, கோபப்பட வேண்டாம். மஜீதைப் பற்றி நினைப்பதுண்டா என்று ஜோர்ஜ் கேட்கும்போது, படுக்கையில் இருக்கும் அவருடைய தாயும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்.

சரோசா அக்கா: படத்தையும் எங்கள் அம்மாவையும் ஒன்றாக வைத்துப் பேசும் அளவுக்கு நீ வளர்ந்துவிட்டாயா?

குணா: மண்டபத்தில் நாற்காலிகள் அறுபதுதான் இருக்கின்றன. கூடுதலாகத் தேவைப்பட்டால் பக்கத்து விளையாட்டுக் கழகத்தில் கேட்கலாம் என்று செயலாளர் சொல்கிறார். வடைக்கு நாளையே சொல்ல வேண்டும்.

ராணி அக்கா: தம்பி, நாற்காலியைப் பிறகு எண்ணலாம்.

குணா: அக்கா, எனக்கு அப்போது ஏழு வயது.

ராணி அக்கா: ஜோர்ஜுக்கு ஆறு.

யாழினி: அப்பா?

மோகன்: நான் என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன். போடுங்கள். ஆனால் படம் முடிந்ததும் கலந்துரையாடல் என்று ஒருவரையும் மேடைக்கு அழைக்க வேண்டாம்.

சரோசா அக்கா: போடுவதானால் சேவல் வரும் இடத்தை ஓட்டிவிடுங்கள். குணாவுக்குக் கசெட் ஓட்டிப் பழக்கம்தானே.

யாழினி: எதையும் ஓட்டக் கூடாது. மஜீதை அனுப்புவதற்காக ஜோர்ஜ் சொன்ன பொய்யே அந்தச் சேவல்தான். அதை வெட்டச் சொன்னவன் அவன். பிறகு தன்னைப் பயமுறுத்த மஜீத் வெட்டினான் என்று பெற்றோரிடம் சொன்னவனும் அவன். அதை எடுத்துவிட்டால் எதற்காக அந்தப் பையனை அனுப்பினார்கள் என்பது மண்டபத்தில் எவருக்கும் விளங்காது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று அறிவிப்பில் போடலாம்.

குணா: பதினாறு என்று போடுவோம். செயலாளருக்கு இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: “குடும்பத்தில் பெரும்பான்மையினர் ஆதரவு; இறுதி முடிவைச் செயற்குழு நாளை மாலை எடுக்கட்டும்.” அறிமுகக் குறிப்பை நான் வாசிக்கவில்லை. யாழினி பிரெஞ்சிலும் தமிழிலும் வாசிக்கட்டும்.

யாழினி: ஏன் அப்பா? நீங்கள் எழுதியதுதானே.

குணா: தொண்டை சரியில்லை.

ராணி அக்கா: அவனுடைய தங்கை வவுனியாவில் இருப்பதாகக் கோயில் திருவிழாவில் ஒருவர் சொன்னார். விசாரிக்கவா?

குணா: நேரமாகிவிட்டது, அக்கா. நீங்கள் உறங்குங்கள். நாளை நான் தனியாக அழைக்கிறேன்.

சரோசா அக்கா: பழையதைக் கிளறி எவருக்கு என்ன ஆகப்போகிறது?

ராணி அக்கா: நாளை என்றால் எத்தனை மணிக்கு, தம்பி? இங்கே மாலை ஐந்துக்கு மின்சாரம் நிற்கும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

அத்தான்: இப்போதுதான் எழுந்தேன். நாற்பது செய்திகள் வந்து கிடக்கின்றன. கண்ணாடியைத் தேடி வாசிக்கப் பொறுமையில்லை. கசெட்டை அனுப்பியது யார் என்று முடிவாகிவிட்டதா?

யாழினி: இல்லை, மாமா. மண்டபம் மட்டும் பாதி முடிவாகியிருக்கிறது.