தேங்காய் எண்ணெய் சோப்பு உதிருது, எண்ணெயும் கசியுது: போர் தண்ணிதான் காரணமா?

கேள்வி (மண்டபம்)
தேங்காய் எண்ணெய் 1 கிலோ, காஸ்டிக் சோடா 170 கிராம், போர் தண்ணி 350 மில்லி. காஸ்டிக்கைப் போட்டதுமே தண்ணி பால் மாதிரி வெளுத்துடுச்சு. மறுநாள் சாயங்காலம் வெட்டினா ஓரமெல்லாம் உதிருது. தொட்டா கையில எண்ணெய் ஒட்டுது. எங்க உப்புத் தண்ணிதான் காரணமா?

பதில் (தொண்டி)
வெளுத்தது மட்டும்தான் தண்ணியோட வேலை. கடினத் தண்ணியில இருக்கிற மக்னீசியம், காஸ்டிக் பட்டதும் ஹைட்ராக்சைடா மாறிப் பொடியா படியுது. அடுத்த தடவை கேன் தண்ணி வாங்கிக்கோங்க.

உதிர்றது வேற கதை. முழுக்கத் தேங்காய் எண்ணெய்ன்னா சோப்பு சீக்கிரம் இறுகிடும். ஊத்தி 6 மணி நேரத்துல இருந்து தொட்டுப் பாருங்க, கத்தி வழுக்கிட்டு இறங்குற பதத்துல வெட்டிடணும்.

பதில் (கீழக்கரை)
கசிவுக்குக் காரணம் காஸ்டிக். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுசும் சோப்பாக 183 கிராம் வேணும். 170 போட்டா 7 சதவீதம் எண்ணெய் மிச்சம், அது நல்லதுதான், தோல் வறளாது. ஆனா காஸ்டிக் டப்பா திறந்து கிடந்துச்சா? செதில்கள் ஒட்டிக் கட்டியா இருக்கா? கடற்காத்து ஈரத்தை இழுத்து, கரியமில வாயுவையும் வாங்கிச் சலவைச் சோடாவா மாறிடும். எடை காட்டும், வேலை செய்யாது.

4 கிராம் காஸ்டிக்கைக் கரைச்சு 100 மில்லி ஆக்குங்க. அதுல 10 மில்லி எடுத்து, ரெண்டு சொட்டு பினாப்தலின் (காரத்துல இளஞ்சிவப்பாகுற நிறங்காட்டி) விட்டு, 1 நார்மல் (அமிலத்தோட செறிவு அளவு) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டா விடுங்க. இளஞ்சிவப்பு மறைய 10 மில்லி பிடிச்சா சுத்தம்.

கேள்வி கேட்டவர்
9 மில்லியிலேயே மறைஞ்சிடுச்சு. டப்பா மூடி சரியா இறுகாது.

பதில் (கீழக்கரை)
அப்போ வேலை செஞ்சது 153 கிராம்தான். 16 சதவீதம் எண்ணெய் அப்படியே நிக்குது. சோப்பைச் சீவி, வெந்நீர்ப் பாத்திரத்துக்கு மேல எவர்சில்வர் சட்டியில உருக்குங்க, அலுமினியம் கூடவே கூடாது. புது காஸ்டிக் 20 கிராமை 60 மில்லி கேன் தண்ணியில கரைச்சு (தண்ணியில காஸ்டிக், மாத்திப் போட்டா தெறிக்கும், கையுறை, கண்ணாடி போடுங்க) கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து, ஒரு மணி நேரம் மிதமான சூட்டுல கிளறணும். எண்ணெய்ப் பளபளப்பு போயி, மசிச்ச உருளைக்கிழங்கு பதத்துக்கு வந்ததும் அச்சுல அமுக்கிடுங்க.

பதில் (தொண்டி)
புதுசா போடுறப்ப 700 கிராம் தேங்காய் எண்ணெய், 200 கிராம் கடலை எண்ணெய், 100 கிராம் விளக்கெண்ணெய் வைங்க. சுத்தமான காஸ்டிக் 160 கிராம், தண்ணி 320 மில்லி. உதிராது. போர் தண்ணியில குளிக்கிறப்ப வர்ற பிசுக்குக்கு சிட்ரிக் அமிலம் 10 கிராம் சேர்க்கலாம், ஆனா அது 6 கிராம் காஸ்டிக்கைத் தின்னுடும், அதையும் கூட்டிப் போடணும்.