அப்பாவுக்கு காச்சல் விட்டு விட்டு வருதுங்க, என்ன டெஸ்ட் எடுக்கறது?

பனியன்கம்பெனி_தம்பி, திருப்பூர்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. அப்பாவுக்கு 61 வயசு, காங்கேயம் பக்கம் தோட்டத்துல இருக்காரு, ஆடு மாடு வச்சிருக்கோம். போன வெள்ளிக்கெழமையில இருந்து மேலுக்கு சொகமில்லைங்க. சாயங்காலமானா குளுரெடுத்து மேலு அனலா கொதிக்குது, தலைவலி, ஒடம்புவலி, சோறே எறங்கல. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தா வேர்த்து விட்டுருது, ராத்திரி மறுக்கா வந்துருது. சளி இருமல் பெருசா இல்லீங்க. பக்கத்துல சில பேருக்கு டெங்குன்னு சொல்றாங்க, அம்மா நெலவேம்பு கசாயம் காச்சிக் குடுத்துட்டு இருக்காங்க, அப்பா ஒரு ஊசி போட்டா போதும்ங்கறாரு. எனக்கு பயமா இருக்குதுங்க. எந்த டெஸ்ட் எடுக்கறது? எத்தன டிகிரி இருந்தா காச்சல்?

லேப்_அக்கா, ஈரோடு:
தம்பி, தெர்மாமீட்டர்ல 100.4 தாண்டுனா காச்சல். ஆனா அப்பாவுக்கு இப்ப டிகிரிய விட நாள் தான் முக்கியம், காச்சல் மூணு நாளைக்கு மேல இருந்தா டாக்டர பாத்தே ஆவோணும். டெங்குக்கு மொத அஞ்சு நாளைக்குள்ள என்எஸ்1ங்கற ரத்த டெஸ்ட், அதுக்கப்பறம் ஐஜிஎம்ங்கற ரத்த டெஸ்ட், கூடவே ரத்த அணு எண்ணிக்கை, எது வேணும்னு டாக்டரே எழுதுவாரு. டெங்குல காச்சல் எறங்குன ஒடனே சரியாயிருச்சுன்னு நெனைக்காதீங்க, எறங்குன அடுத்த ஒண்ணு ரெண்டு நாளு தான் மோசம். வயித்துவலி எச்சா இருந்தா, வாந்தி நிக்கலைன்னா, ஈறுல ரத்தம் வந்தா, ஆளு அசந்து அசந்து படுத்தா ராத்திரின்னு பாக்காம கூட்டிட்டுப் போங்க. வலிக்குன்னு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் குடுக்கவே கூடாது, ரத்தக்கசிவ ஏத்தி விட்டுரும். மெடிக்கல்ல என்ன மாத்திரை குடுத்தாங்கன்னு அட்டையப் பாருங்க மொதல்ல. பாராசிட்டமால் மட்டும் போதும், அதுவும் ஆறு மணி நேரம் கேப் விட்டு.

இட்டேரிக்காரன், அந்தியூர்:
ஏனுங் தம்பி, அப்பா ஆடு மேய்க்க இட்டேரி, வேலிக்கரைன்னு பொதருக்குள்ள போவாருங்களா? அப்படின்னா ஸ்க்ரப் டைஃபஸ்ங்கற பூச்சிக்கடி காச்சலையும் யோசிக்கோணுமுங்க. பொதருல இருக்கற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிச்சு ஒரு பத்து நாளு கழிச்சு தான் காச்சலே வரும், அதனால யாருக்கும் கடிச்சதே ஞாபகம் இருக்காது. கடிச்ச எடத்துல சிகரெட்டு சுட்டாப்ல கறுப்பா பொறுக்கு தட்டி இருக்கும், வலியும் இருக்காது அரிப்பும் இருக்காது. கக்கம், தொடையிடுக்கு, இடுப்புல வேட்டி கட்டற எடம், காதுக்குப் பின்னால, எல்லா எடத்துலயும் பாக்கச் சொல்லுங்க. நம்ம ஆளுக டாக்டர்கிட்ட வேட்டிய வெலக்கிக் காட்ட வெக்கப்பட்டுட்டே இருந்து நுரையீரல் கிட்னி வரைக்கும் விட்டுருவாங்க. பொறுக்கு இல்லாமயும் இந்தக் காச்சல் வரும்ங்க, அதனால ஆடு மேய்க்கற விசயத்த டாக்டர்கிட்ட வாய்விட்டு சொல்லோணும்.

பொள்ளாச்சி_மருமக:
கசாயம் குடுக்கறதுன்னா குடுக்கட்டும்ங்க, ஆனா அத நம்பி நாள ஓட்டாதீங்க. அரிசிக் கஞ்சி, எளநி, உப்பு சர்க்கரை கரைசல்னு தண்ணியா எறக்கோணும், ஒண்ணுக்கு சரியா போறாரான்னு அம்மாவ கவனிக்கச் சொல்லுங்க. அப்பறம் தண்ணி வாராத ஊருல நாமெல்லாம் டிரம்முல புடிச்சு வெக்கறோமே, அந்த நல்ல தண்ணியில தான் டெங்கு கொசு முட்டை வெக்கும், பகல்ல கடிக்கும். வாரம் ஒருக்கா டிரம்ம காலி பண்ணி பக்கவாட்டுல தேச்சுக் கழுவோணும், முட்டை செவுத்துல ஒட்டிட்டு இருக்கும்.

பனியன்கம்பெனி_தம்பி:
அம்மாவ ஃபோன்ல பாக்கச் சொன்னனுங்க. இடுப்புக்குக் கீழ காஞ்ச புண்ணாட்டம் ஒண்ணு இருக்குதாம், முள்ளு குத்துனதுங்கறாரு அப்பா. நாளைக்கு கூட்டிட்டுப் போலாமுங்களா?

லேப்_அக்கா, ஈரோடு:
நாளைக்கு வேண்டாம் தம்பி, இன்னைக்கே போங்க. ஸ்க்ரப் டைஃபஸ் பொறுக்கு தானான்னு டாக்டர் பாத்து சொல்லட்டும், அதுன்னா டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் மருந்து எழுதுவாங்க, வெல கம்மி தான், பெரும்பாலும் ரெண்டு நாள்ல காச்சல் எறங்கிரும். மூச்சு வாங்குனாலோ ஒளறுனாலோ நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிருங்க. மெடிக்கல்ல வாங்குன அந்த மாத்திரை அட்டையயும் கையில எடுத்துட்டுப் போங்க.