சுரங்கத்தில் உழைத்தவர்கள்: உங்கள் வீட்டில் யாராவது உண்டா?

புக்கிட் பாத்தோக்வாசி எழுதுகிறார்:

இங்கே சிங்கப்பூரில், லிட்டில் குய்லின் குளத்தங்கரையில் ஒரு பெரியவரோடு பேச்சுக் கொடுத்தேன். இளவயதில் புக்கிட் தீமா பக்கம் கல் குவாரியில் வெடி வைக்கும் குழுவில் இருந்தவராம். கல்யாண ஜோடிகள் வந்து படம் எடுத்துக்கொள்ளும் அந்தக் குளமே பழைய குவாரிப் பள்ளம்தான். 1920-களில் ஜோகூர் கடற்பாலம் கட்டியபோது புக்கிட் தீமாவிலிருந்தும் புலாவ் உபின் தீவிலிருந்தும் கருங்கல் போனது. உபினில் 1999 வரை கல் உடைத்தார்கள்.

வெடி விபத்து பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேசியதெல்லாம் தூசியைப் பற்றி. “வெடின்னா ஓடி ஒளிஞ்சிக்கலாம் தம்பி. தூளுக்கு எங்க ஓடுறது? கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு வேலை பார்த்தோம்” என்றார். கூட வேலை பார்த்த சிலர் இருமியே போய்ச் சேர்ந்தார்களாம். அவர்கள் எந்த விபத்துப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. சுரங்கம், குவாரி என்று வேலை பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் எழுதுங்களேன்.

தங்கவயல் மருமகள், யீஷூன்:

எங்கள் மாமா (மாமனார்) கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய தாத்தா காலத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து போன குடும்பம். வடாற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து போனவர்கள்தான் அங்கே அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர். அதிலும் நிலமில்லாத தலித் குடும்பங்களே அதிகம். ஊரில் பண்ணையாருக்கு உழைப்பதை விட இது மேல் என்று போயிருக்கிறார்கள். எது மேல் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் எப்படிச் சொல்வது?

1880-இல் தங்கம் எடுக்க ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே கரண்ட் வராத காலத்தில் தங்கவயலில் விளக்கு எரிந்தது என்று மாமா பெருமையாகச் சொல்வார். அத்தை உடனே, “விளக்கு எரிஞ்சது மெஷினுக்கும் துரை பங்களாவுக்கும். நம்ம லைன்ல தட்டி வீடுதானே” என்பார். தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், மூங்கில் தட்டியால் அடைத்த ஒற்றை அறை, அதில் மூன்று தலைமுறை.

கேஜில் (ஆட்களை இறக்கும் கூண்டு லிஃப்டில்) ஏறி இறங்கினால் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடிமட்டத்தில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றை உள்ளே தள்ளினாலும் கோவணத்தோடு நின்றுதான் வேலை பார்த்திருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் தங்கம் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று உடம்பெல்லாம் சோதனை. மாமா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தது இந்த ஒரு இடத்தில்தான். 1930-இல் ஆட்களின் கைரேகையைப் பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. நாங்கள் என்ன திருடர்களா என்ற கோபம் அது.

அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதை அங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரம் ஆடும். அத்தை அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் (சுரங்கக் குழி) வாசலுக்கு ஓடுவாராம், தெருவே ஓடுமாம். அப்படிப் போனவர்களின் பெயரும் தேதியும் இன்றும் அவருக்கு நினைவிருக்கிறது. ஆனால் மாமாவின் அண்ணனுக்கு எப்போது உடம்பு கெட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அங்கே தங்கம் இருப்பது குவார்ட்ஸ் பாறைக்குள். துளை போடும்போது பறக்கிற தூள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடி. நுரையீரலின் கடைசி நுனி வரை போய்த் தழும்பாகிவிடும். அதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த முடியாது, வேலையை விட்ட பிறகும் வளரும். அந்த நுரையீரலில் காசநோயும் எளிதாகத் தொற்றும். பெரிய மாமா போனபோது இறப்புச் சீட்டில் காசநோய் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பாறைத் தூள் என்று எழுதியிருந்தால் நஷ்டஈடு கேட்டிருக்கலாம் என்று குடும்பத்தில் இன்றும் பேச்சு வரும்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். இப்போது அங்குள்ள பிள்ளைகள் விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். என் கணவர் இன்னும் கொஞ்சம் தள்ளி, சிங்கப்பூருக்கு வந்துவிட்டார்.

உட்லண்ட்ஸ் பாட்டி பேரன்:

எங்கள் பக்கம் தங்கம் இல்லை, நிலக்கரி. சிலாங்கூர் பத்து ஆராங். மலாயாவின் ரயிலும் மின் நிலையங்களும் அந்தக் கரியில்தான் ஓடின. 1960-இல் மூடிவிட்டார்கள். பாட்டியின் அப்பா அங்கே கூலி. 1937-இல் அங்கே சுரங்கத்தையே தொழிலாளிகள் கையில் எடுத்துக்கொண்டு சில நாள் நடத்தினார்கள், போலீஸ் நுழைந்து அடக்கியது. முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் சீனர்கள். காண்ட்ராக்டரிடம் கைகட்டிக் கூலி வாங்குவதுதான் எல்லோருக்கும் எரிச்சல். கரி தானாகவே தீப்பிடிக்கும் ரகம் என்பதால் புகை எப்போதும் இருக்கும் என்று பாட்டி சொல்வார். துவைத்த வேட்டி காய்வதற்குள் கறுத்துவிடுமாம். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. அப்பா வீட்டில் அதிகம் பேசியதில்லை.

டனல் ஆள்:

நான் புதுக்கோட்டைக்காரன். இங்கே எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கப்பாதை தோண்டும் வேலை. அக்கா எழுதியதை ரூமில் சத்தமாகப் படித்தோம். எங்களுக்கு மாஸ்க் உண்டு, முகத்தில் ஒழுங்காகப் பொருந்துகிறதா என்று சோதனை உண்டு. தாடி வைத்திருந்தால் காற்று ஒழுகும் என்று ஷேவ் செய்யச் சொல்வார்கள். தண்ணீர் அடித்துத் தூளை அமுக்குவார்கள். சுரங்கம் தோண்டும் இயந்திரத்தின் முன்தலையில் வெட்டும் பல் மாற்ற வேண்டியிருந்தால் சில இடங்களில் அழுத்தக் காற்றறைக்குள் போக வேண்டும், வெளியே வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அழுத்தத்தைக் குறைப்பார்கள். தாத்தாக்களோடு பார்த்தால் நாங்கள் ராஜா.

ஆனாலும் புக்கிட் தீமா கருங்கல்லிலும் குவார்ட்ஸ்தான் இருக்கிறது. சப்-காண்ட்ராக்டில் மேலே கான்கிரீட் வெட்டுகிற, அரைக்கிற பசங்களைப் பாருங்கள், பாதிப் பேர் மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். வெயில், மூச்சு முட்டுகிறது என்பார்கள், அதுவும் நிஜம்தான். நான் சொல்வது ஒன்றே ஒன்று. சிலிக்காத் தூளில் வேலை என்றால் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி, வேலை பார்த்த கம்பெனி, வருஷம் எல்லாம் எழுதி ஊருக்கு எடுத்துப் போங்கள். பத்து, பதினைந்து வருஷம் கழித்து இருமல் வந்தால் அங்கே இருக்கிற டாக்டர் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்பாரோ மாட்டாரோ, நாமே சொல்லிவிடலாம்.