முன்பணம் கட்டுவதா, ஐபி முடிவு வரும்வரை பொறுப்பதா?

வணக்கம். என் மகள் இங்கே சிங்கப்பூரில் ஒரு சர்வதேசப் பள்ளியில் படித்து, மே மாதம் ஐபி டிப்ளமா என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதினாள். பள்ளி கணித்த மதிப்பெண் 45க்கு 38. முடிவு ஜூலை தொடக்கத்தில்தான் வரும். ஆனால் இடம் கொடுத்த பிரிட்டன் பல்கலைக்கழகம் ஜூன் 20க்குள் 3,000 பவுண்ட் கட்டச் சொல்கிறது. கட்டாவிட்டால் விசாவுக்கு வேண்டிய சேர்க்கைச் சான்று கிடைக்காதாம்.

நவம்பரில் பள்ளிக்கு வந்த அவர்களுடைய பிரதிநிதி, "முடிவு வந்த பிறகு கட்டினால் போதும்" என்றார். உதவித்தொகை எவ்வளவு என்பதையும் கையேட்டின் பின்பக்கம் நீலப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஆஃபர் கடிதத்தில் அந்த இரண்டுமே இல்லை.

அவளுடைய ஆசை என்யுஎஸ்தான் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்). அங்கிருந்து இன்னும் பதில் வரவில்லை. நாங்கள் இந்தியக் குடிமக்கள். சிங்கப்பூர் அரசின் கட்டண மானியமான டியூஷன் கிரான்ட் எடுத்தால் படிப்பு முடிந்து 3 ஆண்டு வேலை பார்க்கவேண்டும் என்பது தெரியும், அதற்கும் தயார்.

பிரிட்டன் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன்; ஒரே தானியங்கிப் பதில்தான். பள்ளி ஆலோசகர் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஏஜென்ட் "கட்டிவிடுங்கள்" என்கிறார், அவருக்குக் கமிஷன் உண்டு. அப்புறம், பணம் திரும்பத் தரும் விதிகளையும் படித்தேன். விசா மறுக்கப்பட்டாலோ மதிப்பெண் குறைந்தாலோ தருவார்கள். வேறு இடத்தில் சேர்வதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்படி முன்பணம் கட்டி, பிறகு சிங்கப்பூரிலேயே சேர்ந்து, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?