"எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்?"

குழு: பாளை வீட்டு உறவுகள்
வியாழன் இரவு

பெனிட்டா: எல்லோருக்கும் ஒரு கேள்வி. இன்றைக்கு டியூஷன் முடிந்து வரும்போது, கூடப் படிக்கிற பிள்ளையின் அம்மா "ஞாயிற்றுக்கிழமை உனக்குத் திடப்படுத்தல் ஆராதனையாமே, பேராயர் முன்னால் உன் விசுவாசத்தை நீயே அறிக்கையிடப்போகிறாயாமே, நீ எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "தேதி தெரியவில்லை என்றால் நீ இன்னும் இரட்சிக்கப்படவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, வினாவிடை எல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். இதற்கு என்ன பதில் சொல்வது?

அம்மா: இதற்காகத்தான் சாயங்காலம் காபிகூடக் குடிக்காமல் போய்ப் படுத்தாயா?

பெனிட்டா: ம்.

மெர்சி அத்தை: எனக்கும் தேதி தெரியாது பெனி. உன் அப்பாவுக்கும் தெரியாது. நீ கவலைப்படாதே.

சித்தப்பா: கவலைப்பட வேண்டாம், சரி. ஆனால் கேட்டதில் தப்பில்லை அக்கா. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தேன், ஞானஸ்நானச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது என்பதால் யாரும் பரலோகம் போய்விட முடியாது. நிக்கொதேமு யார்? இஸ்ரவேலில் போதகர். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர். அவரிடமே ஆண்டவர் "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்" என்றார். எனக்குத் தேதி உண்டு, இடம் உண்டு, அன்றைக்கு யார் பிரசங்கித்தார்கள் என்பதும் நினைவிருக்கிறது. அதை நான் சாகும்வரை சொல்லுவேன்.

மெர்சி அத்தை: நீ சொல்ல வேண்டியதுதான் தம்பி. பிள்ளைகளுக்கும் தெரியட்டும். பெனி, சாம், உங்கள் சித்தப்பா அந்த நாட்களில் குடிப்பான். என் கல்யாணத்துக்கு முன்னால் என் செயினை எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்துவிட்டான். அவன் இரட்சிக்கப்பட்ட அந்த உபவாசக் கூட்டம் முடிந்து கொஞ்ச காலத்தில், சம்பளத்தைச் சேர்த்து வைத்து மீட்டு, கடைக்காரர் கொடுத்த அதே சின்ன ரோஸ் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை குடியைத் தொடவில்லை. அவன் இரட்சிக்கப்பட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சித்தப்பா: எல்லாம் கிருபை அக்கா. என் பலம் ஒன்றும் இல்லை.

தாத்தா: பிள்ளை பெனிட்டா, தாத்தா இப்போதுதான் பார்த்தேன். கண்ணாடி போட்டு மெதுவாக டைப் செய்கிறேன், பொறு.

தாத்தா: உன் சித்தப்பா சொன்னது உண்மை. அவனுக்கு நடந்ததும் உண்மை. ஆனால் வேதத்தில் இரண்டு பேரைப் பார். பவுலுக்குத் தேதி உண்டு. தமஸ்குவுக்குப் போகிற வழியில், மத்தியான வேளையில், வெளிச்சம் அடித்துக் கீழே விழுந்தார். மூன்று நாள் கண் தெரியவில்லை, சாப்பிடவில்லை, குடிக்கவில்லை. அதை அவர் மறக்கவே இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் மட்டும் மூன்று இடத்தில் அந்தச் சம்பவம் வருகிறது.

தாத்தா: அதே பவுல் தன் பிள்ளைபோல நேசித்த தீமோத்தேயுவுக்கு எழுதும்போது எந்தத் தேதியையும் கேட்கவில்லை. உன் பாட்டி லோவிசாளுக்குள்ளும் உன் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்த விசுவாசம் உனக்குள்ளும் இருக்கிறது என்று நிச்சயித்திருக்கிறேன் என்கிறார். பரிசுத்த வேத எழுத்துக்களை "நீ சிறுவயதுமுதல் அறிந்தவன்" என்கிறார். பாட்டி மடியில் கேட்டு, அம்மாவிடம் படித்து வந்த விசுவாசம். இது எந்த நாளில் தொடங்கியது என்று தீமோத்தேயுவிடம் கேட்டால் அவரும் உன்னைப் போலத்தான் முழித்திருப்பார்.

பெனிட்டா: தீமோத்தேயுவுக்கும் தேதி இல்லையா!

தாத்தா: வேதத்தில் சொல்லவில்லை. பவுல் அவரை நம்பிச் சபைகளையே ஒப்படைத்தார்.

அப்பா: ஜான் வெஸ்லியையும் சொல்லுங்கள் அப்பா.

தாத்தா: ஆமாம். வெஸ்லி தொடங்கிவைத்த மெதடிஸ்ட் சபையும் சேர்ந்துதான் 1947 செப்டம்பர் 27 அன்று நம் தென்னிந்தியத் திருச்சபை உண்டானது, அதனால் வெஸ்லி நமக்கும் முன்னோர்தான். அவர் 1728இலேயே குருப்பட்டம் பெற்றவர். மிஷனரியாக அமெரிக்கா வரைக்கும் போய்வந்தவர். ஆனாலும் 1738 மே 24 இரவு, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சின்னக் கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தக்காரர் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோதுதான், கிறிஸ்து என் பாவங்களையும் எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார். சிலருக்கு ஆண்டவர் அப்படிக் கொடுக்கிறார். அப்படிக் கொடுத்ததால் மற்றவர்களுக்கும் அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று நாம் ஆண்டவருக்குச் சட்டம் போட முடியாது.

சித்தப்பா: சட்டம் போடவில்லை அப்பா. ஆனால் தேதி இல்லாதவர்களில் பல பேர் சும்மா பழக்கத்துக்குக் கோயிலுக்கு வந்துபோகிறார்கள். கிறிஸ்மஸ், ஈஸ்டர், அசன விருந்து, அவ்வளவுதான். அவர்களை யார் தட்டி எழுப்புவது?

தாத்தா: அந்தப் பாரம் எனக்கும் உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டியது "இன்றைக்கு நீ யாரை நம்பியிருக்கிறாய்?" என்பதுதான். ரோமர் 10:9 எடுத்துப் பார். "கர்த்தராகிய இயேசுவை நீ உன் வாயினாலே அறிக்கையிட்டு, தேவன் அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினாரென்று உன் இருதயத்திலே விசுவாசித்தால் இரட்சிக்கப்படுவாய்." ஞாயிற்றுக்கிழமை பேராயருக்கு முன்னால் பெனிட்டா செய்யப்போவதும் அதுதான். பச்சைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்காக அப்பாவும் அம்மாவும் ஞானப்பெற்றோரும் சொன்னதை, இப்போது தன் வாயாலே சொல்லப்போகிறாள்.

சாம்: தாத்தா, நான் ஒன்று கேட்கலாமா? தப்பாக நினைக்க வேண்டாம். "இரட்சிப்பு" என்று எல்லோரும் சொல்கிறோம். எதிலிருந்து இரட்சிப்பு? ஹாஸ்டலில் ஒரு பையன் கேட்டான், எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை.

தாத்தா: நல்ல கேள்வி. பாவத்திலிருந்து, மரணத்திலிருந்து. பாவம் என்றால் கெட்ட காரியங்களின் பட்டியல் மட்டும் இல்லை. நம்மை உண்டாக்கினவரை விட்டு விலகி, நானே எனக்கு ராஜா என்று வாழ்வது. அதிலிருந்து நாமே ஏறி வர முடியாது. அதனால் அவரே இறங்கி வந்தார். நிசேயா பிரமாணத்தில் "நமது இரட்சிப்புக்காகவும்" இறங்கி வந்தார் என்று சொல்கிறோமே, கிறிஸ்தவ விசுவாசம் முழுவதும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. வந்தவர் தேவதூதன் இல்லை, நல்ல மனுஷன் மட்டும் இல்லை, தேவனே. அதற்காகத்தான் 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி அவ்வளவு விவாதித்தார்கள். அரியு என்ற குரு, குமாரன் படைக்கப்பட்டவர் என்றார். இல்லை, பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று சபை அறிக்கையிட்டது. படைக்கப்பட்ட ஒருவர் மற்றப் படைப்புகளை எப்படித் தேவனோடு சேர்க்க முடியும்? அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு வாழ்நாளெல்லாம் இதைத்தான் வற்புறுத்தினார். ஐந்து தடவை ஊரைவிட்டுத் துரத்தியும் மாற்றிச் சொல்லவில்லை.

சாம்: அப்புறம் பிரமாணத்தில் பிலாத்து பெயர் எதற்கு? சின்ன வயதிலிருந்தே யோசிப்பேன். அவ்வளவு பரிசுத்தமான இடத்தில் அந்த ஆள் பெயர்.

அப்பா: இதை நான் சொல்கிறேன். பிரமாணத்தில் இயேசுவைத் தவிர இரண்டு மனுஷர் பெயர்தான் வருகிறது. ஒன்று மரியாள், இன்னொன்று பிலாத்து. ஒருவரிடத்தில் பிறந்தார், இன்னொருவர் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டார். அதாவது இது கதை இல்லை, ஒரு நாட்டில், ஒரு ரோம அதிகாரியின் காலத்தில் நடந்த சம்பவம். 1961இல் இஸ்ரேலில் உள்ள செசரியாவில் பழைய நாடக அரங்கத்தைத் தோண்டும்போது பிலாத்துவின் பெயர் வெட்டிய கல் ஒன்று கிடைத்தது. எழுத்து பாதி சிதைந்திருந்தாலும் பெயர் தெரிகிறது. எருசலேம் மியூசியத்தில் இருக்கிறது.

சாம்: இது எனக்குத் தெரியாது மாமா! அவனிடம் சொல்கிறேன்.

தாத்தா: சிலுவையோடு நின்றுவிடாதே சாம். "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று பவுலே எழுதுகிறார். கல்லறை திறந்ததால்தான் மரணத்திலிருந்து இரட்சிப்பு என்று சொல்ல முடிகிறது. உங்கள் பாட்டியை அடக்கம்பண்ணிய அன்று நான் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி நடந்து வந்தது அந்த ஒரு நம்பிக்கையில்தான்.

மெர்சி அத்தை: அப்பா...

அம்மா: மாமா, நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் தூத்துக்குடி வீட்டில் கத்தோலிக்க முறையில் வளர்ந்தேன். கல்யாணமாகி வந்த புதிதில், "நீங்கள் நற்செயல் செய்தால் மோட்சம் போகலாம் என்று நம்புகிறவர்கள்தானே" என்று கோயிலில் பலர் கேட்டார்கள். என் அப்பா எங்களுக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. ஆண்டவர் முதலில் அருளைத் தருகிறார், அந்த அருளால்தான் நாம் எதையும் செய்கிறோம் என்றுதான் சொல்லித்தந்தார்.

தாத்தா: உன் அப்பா சரியாகச் சொன்னார் அம்மா. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கச் சபையும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். நம் தகுதியினால் அல்ல, கிருபையினாலே மட்டும், கிறிஸ்துவின் இரட்சிப்பின் செயலில் வைக்கிற விசுவாசத்தினாலே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று. 1517இல் லூத்தர் தொடங்கிவைத்த சண்டையின் நடுப்பகுதியே அதுதானே. 2006இல் மெதடிஸ்ட் சபைகளும் அதை ஏற்றுக்கொண்டன. எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

சாம்: கிருபை மட்டும் போதும் என்றால், எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்று ஆகாதா?

சித்தப்பா: ஆகாது சாம். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே. ரோமர் 6.

சித்தப்பா: பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனை நினைத்துப் பார். அடிபட்டு ரத்தம் ஒழுகிய பவுலையும் சீலாவையும் உட்காவலறையில் தள்ளி, காலைத் தொழுமரத்தில் மாட்டினவன் அவன்தான். காயத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. போய்த் தூங்கிவிட்டான். நடுராத்திரி பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்தபோது பட்டயத்தை உருவித் தன்னையே குத்திக்கொள்ளப் போனான். பவுல் தடுத்தார். "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டான். "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி" என்றார்கள். வேறே எதுவும் கேட்கவில்லை. அப்புறம் என்ன செய்தான் தெரியுமா? அந்த ராத்திரியிலேயே அவர்கள் காயங்களைக் கழுவினான். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போஜனம் வைத்தான். கழுவினதால் இரட்சிக்கப்படவில்லை. இரட்சிக்கப்பட்டவனுடைய கை சும்மா இருக்கவில்லை.

மெர்சி அத்தை: அதே மாதிரிதான் என் செயினும் வந்தது.

தாத்தா: நான் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது தம்பி.

பெனிட்டா: சித்தப்பா, எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பயம் இருக்கிறது. சில நாள் ஜெபிக்கவே தோன்றாது. சில நாள் இதெல்லாம் உண்மையா என்றுகூட நினைப்பேன். அப்படி இருக்கிறவள் பேராயர் முன்னால் போய் நிற்கலாமா?

தாத்தா: பிள்ளை, நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்தில் வைணவ நண்பர் ஒருவர் இருந்தார். வடகலைக்காரர்களும் தென்கலைக்காரர்களும் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று பேசுவதை அவர்தான் எனக்கு விளக்கினார். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். அவர்கள் சமயத்தில் அதற்கு வேறு விளக்கங்கள் இருக்கும், அது அவர்களுடையது. எனக்கு அந்த இரண்டாவது குட்டி ரோமர் நிருபம் படிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. என் பிடி தளரும். எண்பது வயதிலும் தளர்கிறது. அவர் பிடி தளர்வதில்லை. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்று தம் ஆடுகளைப் பற்றி ஆண்டவரே சொல்லியிருக்கிறார், யோவான் 10.

தாத்தா: இன்னொன்று. சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளனுக்கு வினாவிடை தெரியாது. ஞானஸ்நானம் இல்லை, ஒரு நற்கிரியை செய்ய நேரமும் இல்லை. "அடியேனை நினைத்தருளும்" என்றான், அவ்வளவுதான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வந்தது. அவனுக்குக் கிடைத்தது உனக்குக் கிடைக்காதா?

பெனிட்டா: 😭

அம்மா: இங்கே உட்கார்ந்து அழுகிறாள். நல்ல அழுகைதான். சோறு எடுத்து வைக்கிறேன்.

சாம்: தாத்தா, கடைசியாக ஒன்று. என் ஹாஸ்டல் நண்பன் இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை. ரொம்ப நல்லவன். அவன் நிலைமை என்ன?

தாத்தா: எங்கே போவான் என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் நான் உட்காரமாட்டேன் சாம். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டாரே, அங்கேயே நானும் நிற்கிறேன். ஆனால் இயேசுவைத் தவிர வேறே இரட்சகர் இல்லை என்பதிலும் நான் அசையமாட்டேன். அவன் கேட்டால் மரியாதையாகச் சொல். கேட்காவிட்டால் அவனுக்காக ஜெபி.

சித்தப்பா: கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் அப்பா. இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

தாத்தா: சொல்லு. அன்போடு சொல்லு, அவ்வளவுதான்.

பெனிட்டா: தாத்தா, பேராயர் தலையில் கை வைக்கும்போது நான் என்ன ஜெபிக்க வேண்டும்?

தாத்தா: அவரே உனக்காக ஜெபிப்பார், அதைக் கவனித்துக் கேள். பழைய ஜெபப் புத்தகத்திலிருந்து வருகிற ஜெபம் அது. இந்தப் பிள்ளை என்றென்றும் உம்முடையவளாக இருக்கவும், நாளுக்கு நாள் உமது பரிசுத்த ஆவியில் பெருகவும் வேண்டும் என்று கேட்பார். உன் இரட்சிப்பு அன்றைக்கு முடிகிற காரியமாக இருந்தால் "நாளுக்கு நாள்" என்று ஏன் கேட்க வேண்டும்? அவர் முடித்ததும் ஆமென் சொல். மனதாரச் சொல்.

பெனிட்டா: சரி தாத்தா. அந்த ஆன்ட்டி மறுபடியும் கேட்டால், தேதி தெரியாது, ஆனால் இன்றைக்கு இயேசுவை நம்பியிருக்கிறேன் என்று சொல்வேன்.

சித்தப்பா: போதும் பெனி. அதைவிட ஒன்றும் வேண்டாம். குழந்தை ஞானஸ்நானம் பற்றி நான் நம்புவது வேறு, அது உன் அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். எங்கள் ஆராதனை பத்து மணிக்குத்தான். உங்களுக்கு எத்தனை மணிக்கு அண்ணன்?

அப்பா: ஏழரைக்குத் தொடக்கம். ஏழு மணிக்கே வா, பிள்ளைகளின் வீட்டாருக்கு முன்பக்கம் இடம் போட்டிருக்கிறார்கள். அப்பாவைக் கூட்டிவரக் கார் வேண்டும், உன் வண்டியைக் கொண்டு வருகிறாயா?

சித்தப்பா: கொண்டு வருகிறேன். ஆறரைக்கு அப்பா ரெடியாக இருக்கட்டும்.