நிலைய மலர்: வாங்கில் இருந்தவர்களும் வேலிக்கு வெளியே நின்றவர்களும்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சனசமூக நிலையத்துக்கு மலர் வெளியிடுவதென்று முடிவாகியிருக்கிறது, பெரிய சந்தோசம். கட்டுரைப் பட்டியலைப் பார்த்தேன். தலைவர்கள், செயலாளர்கள், கட்டட நிதி தந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அது வெறும் வாசிகசாலையாக இருந்த காலத்தைத்தான் காணவில்லை.

அப்பா சொல்லக் கேட்டது: கிடுகுக் கொட்டில், மண் குந்து, ஒரு மேசை. வீரகேசரியும் தினகரனும் கொழும்பிலிருந்து ரயில் கோச்சியில் வரும். ஒரு பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துப் படிப்பார்கள். நடுத்தாள் யாரிடம் இருக்கிறதோ அவர் முகத்தைப் பார்த்தபடி மற்றவர்கள் காத்திருப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒருவர் உரத்து வாசிப்பார். சீமெந்துச் சுவர், ஓடு, உட்காரும் வாங்கு எல்லாம் பிடியரிசி சேர்த்தும் சிரமதானம் செய்தும் பிறகு வந்தவை.

ஆனால் அந்த வாங்கில் எல்லோரும் இருக்கவில்லை. சுவருக்குக் கல் சுமந்தவர்களில் சிலர் சாதியின் பேரால் வேலிக்கு வெளியே நின்றுதான் செய்தி கேட்டார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடாமல் தடுத்ததைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எங்கள் வாசிகசாலைப் படியைப் பற்றி நாங்கள்தான் எழுத வேண்டும்.

1990க்குப் பிறகு, போர்க் காலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. உதயன் பேப்பர் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. நிலைய விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைக் கையால் சுற்றுவேன், டைனமோவில் றேடியோ பேசும். இரவு ஒன்பதேகாலுக்குப் பிபிசி தமிழோசை. கை சோர்ந்தால் குரல் அமுங்கும். “சுத்தடா தம்பி” என்று நாலு பக்கத்திலிருந்தும் சத்தம் வரும். அந்த இருட்டில்தான் வெளியே நின்றவர்களின் பிள்ளைகள் வாங்கில் வந்து இருந்தார்கள். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அதை நான் கண்ணால் கண்டேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு ஆமி முன்னேறி வர, வலிகாமம் பகுதியே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தால் ஓடும் இல்லை, கூட்டக் குறிப்புப் புத்தகங்களும் இல்லை. அதற்கு முந்தியதெல்லாம் இப்போது ஆட்களின் வாயில்தான் இருக்கிறது.

கல் சுமந்தவர்களில் இரண்டு பேர் ஊரில் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டிவிட்டார்கள். மார்கழியில் நான் போகிறேன். அவர்கள் சம்மதித்தால் பேசிப் பதிவு செய்துகொண்டு வருவேன். அப்புறம் நிர்வாகசபையிடம் ஒன்று கேட்கிறேன்: மலரில் எட்டுப் பக்கம் ஒதுக்கித் தாருங்கள், நிதி தந்தவர்களின் பட்டியலுக்கு முன்னால்.

அன்புடன்,
ரொறன்ரோவிலிருந்து