'ஸ்டேஜிங் யார்டு' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

மாதிரி ரயில் கையேட்டின் மூன்றாம் இயலுக்கு 'ஸ்டேஜிங் யார்டு' என்பதற்கு ஒரு சொல் தேவை. காட்சியில் தெரியும் நிலையத்துக்கு அப்பால், எஞ்சினும் பெட்டிகளும் கோத்த முழு வண்டிகளை நிறுத்தி வைக்கும் தடங்களின் தொகுதி இது. நிலையத்தை விட்டுப் போன வண்டி இங்கே வந்து நின்றால், பார்ப்பவர் கணக்கில் அது வேறு ஊர் போய்ச் சேர்ந்தது. பிரிட்டனில் ஃபிடில் யார்டு என்கிறார்கள். ஜெர்மானியர் சொல்வது 'நிழல் நிலையம்'. அதையொட்டி 'மறைதடம்' என வைக்கலாமா? குறைகளைச் சொல்லுங்கள்.

-----

> 'மறைதடம்' என வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. குகைக்குள் போகும் தடமும் மறைதடம்தான், ஆனால் அங்கே எந்த வண்டியும் காத்து நிற்பதில்லை. சிறிய அமைப்புகளில் இந்த யார்டு பலகைக்குப் பின்னால் திறந்தே கிடக்கும். மறைவு இதன் இலக்கணம் அல்ல. வண்டியைத் தயாராக வைத்திருப்பதுதான் இலக்கணம்.

'இருப்புத் தடம்' என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் சிக்கல். 'இருப்புப்பாதை'யில் உள்ள இருப்பு இரும்பைக் குறிப்பது. வாசகர் அதைச் சாதாரணத் தண்டவாளம் என்றே படிப்பார்.

சொல்லை முடிவு செய்யுமுன் பொருளின் அளவுகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கிளைச்சொற்கள் அங்கிருந்துதான் வரும். எச்.ஓ. அளவு, அதாவது 1:87. ஐ.சி.எஃப். பெட்டி பஃபருக்குப் பஃபர் சுமார் 22.3 மீட்டர், மாதிரியில் 256 மி.மீ. டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின் சுமார் 197 மி.மீ. ஓர் எஞ்சின், நான்கு பெட்டி சேர்ந்தால் 1.22 மீட்டர். முன்னும் பின்னும் 5 செ.மீ. விட்டால் ஒரு தடத்துக்குப் பயன்நீளம் 1.32 மீட்டர் வேண்டும். இதை ஃபவுலிங் மார்க்கிலிருந்து (பக்கத்துத் தடத்தில் போகும் வண்டியை உரசாமல் நிற்கக்கூடிய எல்லைக் குறி) அளக்க வேண்டும், பாயிண்ட்டின் (தடம் இரண்டாகப் பிரியும் அமைப்பு) நாக்கிலிருந்து அல்ல. காகிதத்தில் ஐந்து வண்டி பிடித்த யார்டு பலகையில் மூன்றுதான் பிடிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

இப்போது ஐந்து தடத்தை ஏணிபோல் பிரிப்போம். பெக்கோ நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைன் வரிசை நடுத்தரப் பாயிண்ட் 219 மி.மீ. நீளம், 12 பாகை கோணம். தட இடைவெளி 51 மி.மீ. என்றால் ஒவ்வொரு பாயிண்ட்டும் நீளவாக்கில் 240 மி.மீ. தின்னும். நான்கு பாயிண்ட்டுக்கு 96 செ.மீ. ஆக மொத்தம் 2.3 மீட்டர், எட்டடி பிளைவுட் முழுவதும் போயிற்று. அதில் வண்டி நிற்பது பாதிக்குச் சற்று மேல்.

யார்டைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளுவதும் சிறிய அறைக்கு ஆகாது. தடம்புரண்ட பெட்டியை எடுக்கக் கை நுழைய 15 செ.மீ. உயரமாவது வேண்டும். 2 விழுக்காடு சரிவில் அவ்வளவு இறங்க 7.5 மீட்டர் ஓட்டம் தேவை. பின்திரைக்குப் பின்னால், அதே மட்டத்தில் வைப்பதே என் பரிந்துரை.

-----

நண்பர்களே,

மேலே சொன்ன இலக்கணத்துக்கு 'அணியம்' பொருந்துகிறது. 'தயார்' என்பதற்கு ஈடாகப் பலரும் எழுதும் சொல். 'அணி' என்ற வேரில் வரிசையும் இருக்கிறது. 'அணியத் தடம்' என்றால் ஒரு தடம், 'அணிய யார்டு' என்றால் முழுத் தொகுதி. யார்டை விடாமல் வைத்திருக்கிறேன். ரயில்வேக்காரர் யாரும் அதற்கு வேறு சொல் தேடுவதில்லை.

-----

கடலோரத்தில் அணியம் என்றால் படகின் முன்பக்கம். குழப்பம் வராதா?

-----

தனியே நின்றால் வரும். 'தடம்' சேர்ந்தபின் யாரும் படகை நினைக்கமாட்டார்கள். ஆகவே தனிச்சொல்லாக எங்கும் எழுத வேண்டாம், கூட்டுச்சொல்லாக மட்டும் இருக்கட்டும்.

கிளைச்சொற்கள்: ஒரு பக்கம் மட்டும் வாய் உள்ளது 'ஒருவாய் அணிய யார்டு'. இருபக்கமும் திறந்தது 'இருவாய்'. பாயிண்ட் இல்லாமல் தடங்களையே பக்கவாட்டில் நகர்த்தும் டிராவர்சருக்கு 'நகர்மேடை'. சிறிய இடத்துக்கு ஏற்றது இதுதான் என்பதால் கையேட்டில் கூடுதல் பக்கம் கொடுக்கலாம். ஐந்து தடம், 50 மி.மீ. இடைவெளி: மேடை அகலம் 250, நகர்வு 200, ஆக ஒதுக்க வேண்டிய அகலம் 450 மி.மீ. நீளம் 1.35 மீட்டர் போதும். ஏணிக்குப் போன ஒரு மீட்டர் மிச்சம்.

12 மி.மீ. பிளைவுட்டின் அடியில், தடத்துக்குக் குறுக்காக, இரண்டு 10 அங்குல முழுநீட்சி டிராயர் சேனல்கள். இரண்டும் துல்லியமாக இணையாக இருக்க வேண்டும், இல்லையெனில் மேடை பாதியில் இறுகும். சேனலில் எப்போதும் சிறு ஆட்டம் உண்டு. தண்டவாள முனைகள் அரை மில்லிமீட்டர் விலகினாலே சக்கரம் ஏறி இறங்கிவிடும். அதனால் கண்ணளவில் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு தடத்துக்கும் பித்தளைக் குழாய், நிலைப்பலகையில் அதற்குள் இறுக்கமாக நுழையும் பித்தளைக் கம்பி. தண்டவாளத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பி வைத்தால் மின்சாரமும் அவற்றின் வழியே போகும். நேராக நிற்கும் தடத்துக்கு மட்டுமே மின்சாரம் கிடைப்பதால் மற்ற நான்கில் உள்ள எஞ்சின் தவறியும் நகராது.

முனையில் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டையை நம்ப வேண்டாம். பித்தளைத் திருகாணி இறக்கி, அதன் தலையில் தண்டவாளத்தைப் பற்றவைக்க வேண்டும். இடையே ஒரு மில்லிமீட்டர் விட வேண்டும்: 1.3 மீட்டர் நிக்கல் சில்வர் 20 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.4 மி.மீ. நீளும்.

-----

'நகர்மேடை'க்கு உடன்படுகிறேன். வண்டியோடு கையில் தூக்கி மாற்றும் தடத்துண்டான கேசட்டுக்கு 'தடப்பேழை' என்று போடலாம். இரண்டு அலுமினிய எல்-கோணங்களின் கிடைப்பகுதிகளுக்கு நடுவே 16.5 மி.மீ. விட்டால் அதுவே தடம், நிமிர்ந்த பகுதிகள் பக்கச் சுவர். ஆனால் 1.3 மீட்டர்ப் பேழையை வண்டியோடு தூக்கினால் வளையும், சாயும். எஞ்சினுக்கு மட்டும் 30 செ.மீ. பேழை என்று குறிப்பிட்டுவிடுங்கள்.